ஓரடுப்பு விதி

செங்காட்டுப்புதூரில் சென்னியப்பன் வீட்டு நிலைப்படியைத் தாண்டுவதற்கு முன்பே அந்தப் பெண் ஒரு பொய் சொன்னாள்.

கேட்டது பெரிய கேள்வி ஒன்றுமில்லை. வாசலுக்கு வந்தவர்களை அந்த ஊரில் யாரும் கேட்பதுதான். "சாப்ட்டீங்களா?" என்றாள் சென்னியப்பனின் மனைவி வசந்தாமணி.

"ஓம் அக்கா. வழியிலயே சாப்பிட்டிட்டுத்தான் வந்தனாங்கள்."

பெண்ணின் இடது மணிக்கட்டில் கிடந்த சாம்பல் நிற வளை, கனலை ஊதியது போலச் சிவந்து அணைந்தது. அவள் முந்தானையை இழுத்து அதை மூடிக்கொண்டாள். பக்கத்தில் நின்ற ஏழு வயதுப் பெண்குழந்தை அம்மாவை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டது.

சென்னியப்பனுக்கு அறுபத்தெட்டு வயது. நின்றாலும் உட்கார்ந்தாலும் முதுகு வளையாத மனிதர். அவர் அந்தச் சிவப்பைப் பார்த்தார். அவர்களை அழைத்துவந்த குடியேற்ற அலுவலர் ஜெசிந்தாவைக் கார் நின்ற பக்கமாகத் தனியே கூட்டிப் போனார்.

"அதென்னங் அம்மணி, வந்ததும் வராததுமா எரியுது?"

"அதுக்குப் பேரு மெய்வளைங்க ஐயா. நாடி, வேர்வை, குரல் மூணையும் சேர்த்துப் பார்க்கும். போட்டிருக்கவங்க, உண்மையில்லைன்னு தெரிஞ்சே ஒண்ணைச் சொன்னா சிவப்பு எரியும்."

"அப்ப அவ பொய் சொல்லியிருக்கறா."

"சொல்லியிருக்காங்க. ஏன் சொன்னாங்கன்னு வளைக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் நீங்க இருக்கீங்க."

ஜெசிந்தா விவரமாகச் சொன்னார். யாழ்ப்பாணத்துத் தீவுகளைக் கடல் விழுங்கி மூன்று வருஷமாகிறது. அங்கிருந்து தப்பியவர்கள் தூத்துக்குடிக்கு வெளியே நங்கூரமிட்ட கப்பல்களில் இருக்கிறார்கள். இந்தத் தவமலரின் புருஷன் கடைசிப் படகுக்குக் கயிறு அவிழ்த்துவிட்டுக் கரையிலேயே நின்றுவிட்டவன். அவள் மகள் ஆரணி நான்கு வயதிலிருந்து இரும்புத் தளத்தின் மேல்தான் நடந்திருக்கிறாள். கரையேற ஆசைப்படும் குடும்பம், ஏற்றுக்கொள்ளும் ஒரு வீட்டில் தொண்ணூறு நாள் இருக்க வேண்டும். தனியாகச் சமைக்கக் கூடாது. அந்த வீட்டு அடுப்பில் வெந்ததைத்தான் சாப்பிட வேண்டும்.

"ஓரடுப்பு விதின்னு பேரு. ஒரே அடுப்புல சாப்பிட்டா ஒட்டுதல் வந்துரும்னு மேல யாரோ நம்பறாங்க," என்று ஜெசிந்தா லேசாகச் சிரித்தார். "தொண்ணூறாம் நாள் ஊர்க்கூட்டம். ஒவ்வொரு சிவப்புக்கும் காரணம் கேப்பாங்க. காரணம் தெரியாத சிவப்பு அறுபதைத் தாண்டினா, திரும்பவும் கப்பலுக்குத்தான். அன்னிக்கு நீங்களும் ஒரு வளை போட்டுட்டுத்தான் சாட்சி சொல்லணும்."

"போட்டுக்கலாம். எங்க பாட்டன் காலத்துல இருந்து இந்த ஊட்டுச் சொல்லுக்கு ஊருக்குள்ள மறுசொல் கெடையாது."

அது வெறும் பெருமைப் பேச்சில்லை. மாரியம்மன் நோன்பிக்கு முதல் பரிவட்டம் அவர் தலையில்தான் கட்டுவார்கள். அகதிக் குடும்பத்தை யார் ஏற்பது என்று பஞ்சாயத்தில் கேட்டபோது ஊரே விட்டத்தைப் பார்த்தது. அவர் மட்டும் கையைத் தூக்கினார். இரக்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். சென்னியப்பன் வீட்டில் இடமில்லை என்று ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது. அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து சிவப்பு நிற்கவே இல்லை.

"ரூமு சவுரியமா இருக்குதுங்களா?" "ஒரு குறையும் இல்லை ஐயா." சிவப்பு. "தூங்குனீங்களா?" "நல்லா நித்திரை கொண்டனாங்கள்." சிவப்பு. வசந்தாமணி காப்பியைக் கொடுத்து எப்படியிருக்கிறது என்று கேட்டாள். "அருமையா இருக்கு அக்கா." சிவப்பு.

வசந்தாமணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏனுங்க, நாப்பது வருசமா நீங்களும் நல்லா இருக்குன்னுதான குடிக்கறீங்க? உங்களுக்கும் ஒண்ணு மாட்டியுடச் சொல்லோணும்."

சென்னியப்பன் சிரிக்கவில்லை. கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டியவர் அவர். ஒரு நோட்டில் தேதி, கேள்வி, பதில் என்று எழுதிவைக்கத் தொடங்கினார். காரணம் என்ற இடத்தில் எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. காப்பிக்கே பொய் சொல்கிறவள் கனமான விஷயத்துக்கு என்ன சொல்ல மாட்டாள்?

பங்காளி மயில்சாமி வந்து எரிகிற நெருப்பில் நெய் வார்த்தான். ஒரே பாட்டன் வழி வந்தவன். பரிவட்டம் தன் தலைக்கு வரவில்லையே என்று நாற்பது வருஷமாகத் தலை அரிக்கிறவன்.

"விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குங்கண்ணா. நீங்க தொண்ணூறு நாளைக்குக் கட்டிக்கிட்டீங்க. ஊட்டுக்குள்ளயே சிவப்பு வெளக்கு எரியுதுன்னு பேசிக்கறாங்க."

"யாரு பேசறது?"

"நாந்தான் பேசறேன். வேற யாரு உங்க முன்னால வந்து சொல்லுவாங்க?"

நான்காம் நாள் காலை. எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு இட்லி தின்றதும் தவமலர் இலைமேல் கையை விரித்து, "போதும் அக்கா," என்றாள். வளை சிவந்தது. வசந்தாமணி பாட்டுக்கு மூன்றாவது இட்லியை எடுத்தாள்.

"நிறுத்து," என்றார் சென்னியப்பன். "போதுங்கறாங்கள்ல? போதும்னா போதும். இல்லைன்னா, பத்தலை, இன்னொண்ணு வைங்கன்னு அவங்க வாயால சொல்லட்டும். பொய்க்கு நாம எதுக்குத் தாளம் போடறது?"

தவமலர் அவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு இலையை மடித்தாள். ஆரணியும் அம்மாவைப் பார்த்துத் தன் இலையை மடித்தது. அதில் ஒன்றரை இட்லிதான் விழுந்திருந்தது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அதுவே வழக்கமாயிற்று. முதலில் வைத்தது வைத்ததுதான். "இன்னுங் கொஞ்சம்?" என்று ராத்திரிச் சாப்பாட்டில் ஒரு தரம் கேட்பார்கள். "போதும்" என்பாள். சிவப்பு எரியும். சென்னியப்பன் அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டே தன் சோற்றைப் பிசைவார். கேட்டு வாங்கட்டும் என்று அவர் இருந்தார். கேட்க மாட்டேன் என்று அவள் இருந்தாள். வசந்தாமணி கொல்லைப்புறமாக ஒரு கிண்ணம் சோற்றோடு அறைக்குப் போனபோது, "வேண்டாம் அக்கா. ஐயா பார்த்து இலையில போட்டாச் சாப்பிடுவன். மறைச்சுச் சாப்பிட எனக்குப் பழக்கமில்லை," என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

வசந்தாமணி வந்து புருஷனிடம் பொரிந்தாள். "அந்தப் புள்ளைக்கு வயிறு நெறையலீங்க."

"நெறையலைன்னு அவ சொன்னாளா?"

"அதை யாரு சொல்லுவா? நீங்க சொல்லுவீங்களா?"

"அவ என்னத்தையோ மறைக்கறா. மறைக்கறதை நிறுத்தட்டும், அப்புறம் பேசலாம்."

அவள் மறைத்தது உண்மை. அதுதான் சென்னியப்பனுக்குத் தைரியம். ஆரணியை உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார்கள். மூன்றே முக்காலுக்கு மணி அடிக்கும். வீட்டுக்கு நடந்தால் பத்து நிமிஷம். ஆனால் அழைத்துவரப் போகிற தவமலர், மகளோடு வீடு திரும்பும்போது ஐந்தாகிவிடும். எங்கே போனீர்கள் என்று கேட்டால், "சும்மா நடந்திட்டு வந்தனாங்கள் ஐயா." சிவப்பு. ஒவ்வொரு நாளும் அதே பதில், அதே சிவப்பு.

எண்பத்திரண்டாம் நாள் மயில்சாமி மூச்சிரைக்க வந்தான்.

"அண்ணா, வாய்க்கா மேட்டுல சாயங்காலமானா பொகை வருதாம். பழைய பம்புசெட்டு ரூமுகிட்ட. கப்பல்ல இருந்து நாலு பேரைத் திருட்டுத்தனமா எறக்கி அங்க ஒளிச்சு வெச்சிருக்கறாளோ என்னமோ. இன்னிக்கு நாலு பேரு, நாளைக்கு நாப்பது பேரு. அப்புறம் ஊரே அவங்களுதுதான். உங்க பேரைச் சொல்லித்தான உள்ள வந்தா?"

"நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். நானே பாத்துக்கறேன்."

மறுநாள் நாலு மணிக்கு அவர் கைத்தடியை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். என்ன கேட்க வேண்டும் என்று வழிநெடுக மனதுக்குள் அடுக்கிக்கொண்டார். எத்தனை பேர், எப்போது வந்தார்கள், என் வீட்டுப் பேரை எத்தனை நாளாக விற்கிறாய்?

பம்புசெட்டு அறைக்குப் பின்னால் புகை எழுந்தது. அவர் சுவரோரமாக நின்று எட்டிப் பார்த்தார்.

நான்கு பேர் இல்லை. இரண்டே பேர். மூன்று கற்கள் மேல் ஒரு பெயின்ட் டப்பா. அதில் கீரை வெந்துகொண்டிருந்தது. வேலியோரம் முளைக்கிற தொய்யக்கீரை. ஆடு மேய்ந்தது போக மிச்சம். தவமலர் குச்சியால் கிளறினாள். குழந்தை ஊதி ஊதி, சூடு ஆறுவதற்குள் அள்ளித் தின்றது. உப்பு இருந்திருக்காது. தின்ற வேகத்தில் அது தெரிந்திருக்கவும் போவதில்லை.

டப்பாவை அலசத் தவமலர் வாய்க்காலுக்கு இறங்கினாள். ஆரணி திரும்பியவள் அவரைப் பார்த்துவிட்டாள். பயந்து கத்தவில்லை. உதட்டின் மேல் விரலை வைத்தபடி கிட்டே வந்தாள்.

"தாத்தா, சத்தம் போடாதேங்கோ. நீங்கள் பார்த்தது அம்மாவுக்குத் தெரியக்கூடாது."

"ஏன் கண்ணு?"

"உங்கட வீட்டில பசிக்குதெண்டு ஊருக்குத் தெரிஞ்சா உங்களுக்கு மரியாதை இல்லையாம். அம்மா சொன்னவ. ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதாம்."

சென்னியப்பன் வந்த வழியே திரும்பினார். அடுக்கிக்கொண்டு போன கேள்விகளில் ஒன்றுகூட நினைவில் இல்லை. அவருடைய அம்மா உயிரோடு இருந்தபோது பந்தியில் கையில் கரண்டியோடு நிற்பாள். ஒறம்பரை, அதாவது வீட்டுக்கு வந்த சொந்தபந்தம், போதும் என்றால் அது முதல் போதும். இரண்டாவதும் கணக்கில்லை. மூன்றாவது தரம் கேட்டும் கை மறித்தால்தான் நகர்வாள். பெண் பார்த்த புதிதில், மாமியார் வீட்டில் பசியோடு "போதுங்க" என்று இலையை மறித்தவர்தான் அவரும். அது பொய்யென்று அங்கே யாரும் சொல்லவில்லை. அள்ளி வைத்தார்கள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவர் தானே கரண்டியை எடுத்தார். "போதும் ஐயா," என்றாள் தவமலர். வளை சிவந்தது. வைத்தார். "ஐயோ, போதும்." சிவந்தது. வைத்தார். மூன்றாவது "போதும்" சொன்னபோது வளை எரியவில்லை. வசந்தாமணி புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கத் தெரியவில்லை என்பதுதான் சரி.

அடுத்த வாரம் சமுதாயக் கூடத்தில் கூட்டம் கூடியது. ஊரே வந்திருந்தது. முன்வரிசையில் மயில்சாமி காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஜெசிந்தா சென்னியப்பனின் மணிக்கட்டில் ஒரு வளையைப் பூட்டினார். மாட்டுக்குக் கயிறு கட்டும்போதுகூட இவ்வளவு இறுக்கக் கூடாது என்று அவருக்குத் தோன்றியது.

"மொத்தம் நூற்று நாப்பத்து மூணு சிவப்பு," என்று ஜெசிந்தா வாசித்தார். கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. "இதுல தொண்ணூத்தாறு சாப்பாட்டு நேரத்துல. நாப்பது, சாயங்காலம் எங்க போனீங்கன்னு கேட்டப்ப. மிச்சம் ஏழும் சில்லறை விஷயம். தவமலர், நேரடியாவே கேக்கறேன். அந்த வீட்டுல நீங்க பசியோட இருந்தீங்களா?"

தவமலர் எழுந்தாள். மகளின் கையைப் பிடித்திருந்தாள். சென்னியப்பனின் பக்கம் திரும்பவில்லை.

"இல்லை. ஐயா வீட்டில எங்களுக்கு ஒரு குறையும் இருக்கேல்லை."

கூடம் முழுக்கத் தெரியும்படி வளை சிவந்தது.

"பாத்துக்கங்க!" என்று மயில்சாமி துள்ளி எழுந்தான். "சபையிலயே! அத்தனை பேரு முன்னால! நூத்தி நாப்பத்து நாலு!"

"உக்காருங்க," என்றார் ஜெசிந்தா. பிறகு சென்னியப்பனிடம், "ஐயா, இதுக்கெல்லாம் காரணம் உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொன்னால் அவர் வளை எரியும். ஆனால் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் எரியாது. மௌனத்துக்குச் சிவப்பு இல்லை. எழுபது எண்பது தலைகள் அவரைப் பார்த்திருந்தன. அவர் பேசாமல் நின்றால் வீட்டுப் பெயர் தப்பிவிடும். அந்தப் பெண்ணும் அதற்குத்தான் வழி விட்டிருக்கிறாள். சாயங்கால ரயிலில் அவளும் குழந்தையும் தூத்துக்குடி போவார்கள். இரும்புத் தளம். ஊர் நாலு நாள் பேசும், பிறகு மறக்கும்.

ஜெசிந்தா காத்திருந்தார். வசந்தாமணி பெண்கள் பக்கத்தில் முந்தானையை முறுக்கிக்கொண்டு, புருஷனின் முகத்தையே பார்த்தபடி இருந்தாள்.

"தெரியுமுங்க," என்றார் சென்னியப்பன்.

வளை எரியவில்லை.

"அந்த அம்மணி சொன்னது பொய்யிங்க. எங்க ஊட்டுல அவங்க பசியோடதான் இருந்தாங்க. அவங்களும் அந்தப் புள்ளையும். எம்பது நாளு." அவர் முதுகு வளையவில்லை. வளைத்திருந்தால் பேசுவது சுலபமாக இருந்திருக்கும். "போதும்னு சொல்லுவாங்க, வெளக்கு எரியும். பசிக்குதுன்னு அது ஒவ்வொரு நாளும் எங்கிட்டச் சொல்லிச்சு. நான் பொய்காரின்னு மட்டும் படிச்சேன். கேட்டு வாங்கட்டும்னு உக்காந்திருந்தேன். நம்மூட்டுல எவன் கேட்டு வாங்கியிருக்கறான்? வாய்க்கா மேட்டுல ஆடு திங்கற கீரையை வேவிச்சு அந்தக் கொழந்தைக்குக் குடுத்தாங்க. என் பேரு கெட்டுறக் கூடாதுன்னு அதையும் மறைச்சாங்க. அந்த நாப்பது சிவப்பும் அதுக்குத்தான். இப்ப எரிஞ்சுது பாருங்க, அதுவும் அதுக்குத்தான்."

எல்லோர் கண்ணும் அவர் மணிக்கட்டில். அது சாம்பலாகவே கிடந்தது.

யாரோ ஒருவர் பின்வரிசையில், "சென்னியப்பன் ஊட்டுலயா?" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் அது அவர் காதில் விழுந்தது.

ஜெசிந்தா கொஞ்ச நேரம் எழுதினார். பிறகு நிமிர்ந்தார். "சிவப்பு எல்லாத்துக்கும் காரணம் கிடைச்சிருச்சு. தவமலரும் ஆரணியும் இனி இந்த ஊர்க்காரங்க. தனியாச் சமைச்சது பசிக்காகத்தான், அதனால அந்த விதியை மீறுனதுக்குத் தண்டனை இல்லை. கப்பலுக்குப் போக வேண்டியதில்லை." எழுதியதை மூடிவைத்தார். "ஆனா விதி ஒண்ணு இருக்குதுங்க ஐயா. வந்தவங்களைப் பட்டினி போட்ட வீடு, ஏற்கும் வீடுங்கற பட்டியல்ல இருக்க முடியாது. முதல் ஒரு வருஷம் இவங்க வேற வீட்டுல இருக்கலாம். யாராவது ஏத்துக்கறீங்களா?"

தொண்ணூறு நாளுக்கு முன் விட்டத்தைப் பார்த்த ஊரில் இன்று ஐந்தாறு கைகள் உயர்ந்தன. மயில்சாமியின் கைதான் முதலில் உயர்ந்தது. "எங்க ஊட்டுக்கு வரட்டுமுங்க. கேக்காமயே போடுவோம்," என்றான், பங்காளியை ஓரக்கண்ணால் பார்த்தபடி.

சென்னியப்பன் அதையும் வாங்கிக்கொண்டு நின்றார்.

ஜெசிந்தா ஒரு சிறு சாவியால் தவமலரின் வளையைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டார். சென்னியப்பனிடம், "உங்களது சாட்சிப் பதிவு ஏறி முடிய அரைமணி ஆகும். அப்புறம் அதுவே கழண்டுக்கும்," என்றார். பிறகு தவமலரைப் பார்த்து, "நீங்கதான் முடிவு பண்ணணும். எந்த வீடு? பழைய வீட்டுக்கே போறதுன்னாலும் அது உங்க இஷ்டம். விதி வீட்டுக்குத்தான், உங்களுக்கு இல்லை," என்றார்.

"ஐயா வீட்டையே போறன்," என்றாள் தவமலர்.

"யாருக்காகவும் சொல்ல வேண்டாம்மா."

"ஒருத்தருக்காகவும் இல்லை. எனக்கு அங்க விருப்பம்."

சென்னியப்பனின் கண் பழக்கத்தில் அவள் மணிக்கட்டுக்குப் போனது. அங்கே வெளுத்த தோல் வட்டமாக இருந்தது, வேறொன்றும் இல்லை. அவர் முகத்தைப் பார்த்தார். தொண்ணூறு நாளில் அந்த முகத்தை நேராக அவர் பார்த்ததே இல்லை. மெய்யாகவே விருப்பமா, அல்லது இத்தனை பேர் முன்னால் அவரை மறுபடியும் காப்பாற்றுகிறாளா? அந்த முகத்தில் அவருக்குப் படிக்கத் தெரிந்தது எதுவும் எழுதியிருக்கவில்லை. இனி எந்த நாளும் இது தெரியப் போவதில்லை என்பது மட்டும் தெரிந்தது.

வெளியே வெயில் சாய்ந்திருந்தது. வசந்தாமணி ஆரணியின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள். என்ன குழம்பு வைக்கலாம் என்று அதனிடம் கேட்டு, அது தலையாட்டுவதை ஒப்புக்கொள்ளாமல் வாயால் சொல் என்று அதட்டிக்கொண்டிருந்தாள். தெருவில் எதிர்ப்பட்ட இரண்டு பேர், எப்போதும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டுகிறவர்கள், இன்று சென்னியப்பனைக் காணாதவர்கள் போல ஒதுங்கிப் போனார்கள்.

தவமலர் கொஞ்ச தூரம் அவருக்குப் பின்னால் நடந்து வந்தாள். பிறகு தயங்கிக் கேட்டாள்.

"என்னால உங்களுக்குச் சபையில தலைகுனிவாப் போச்சு. மனசுக்கு வருத்தமோ ஐயா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லையம்மா," என்றார் சென்னியப்பன்.

அவர் மணிக்கட்டு பளிச்சென்று சிவந்தது. வேட்டி மடிப்புக்குள் மறைக்கக் கை போவதற்குள் எரிந்தே விட்டது.

தவமலர் அதைப் பார்த்தாள். பார்த்த கண்ணை எடுத்துப் பாதையோரத்து வேலிப்பக்கம் திருப்பிக்கொண்டு, "சரி ஐயா," என்று கூடவே நடந்தாள்.